கறுப்புக்குள் பதினாறு படிகள்

வீடியோ எடிட்டிங்கில் பதினேழு வருடம் குப்பை கொட்டியவள் நான். இத்தனை வருடத்தில் ஒரு வாடிக்கையாளர்கூட என் திரையில் நான் பார்த்ததை அப்படியே பார்த்ததில்லை. ஒரு முகத்தின் நிறத்துக்காக அரை நாள் மல்லுக்கட்டி, கண் எரிய எரியச் சரிசெய்து அனுப்புவேன். அவர் அதை விரிசல் விட்ட போனில், நடு வெயிலில் நின்று பார்த்துவிட்டு, இருட்டாக இருக்கிறது என்பார்.

குளியலறை டைல்ஸ் விற்கும் ஒருவர் இருந்தார். வாயைத் திறந்தால் பளபளப்பு என்பார், அதனால் எங்களுக்குள் அவர் பெயரே பளபளப்பு. அவருடைய விளம்பரத்தை ஏழு முறை மாற்றிக் கொடுத்தேன். போனில் இருட்டு, டிவியில் வெளுப்பு, மருமகனின் லேப்டாப்பில் மஞ்சள். எட்டாவது முறை, நீங்கள் டைல்ஸ் விற்கிறீர்களா டிவி விற்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். பளபளப்பு அத்தோடு வேறு ஸ்டுடியோவைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னதிலும் தப்பில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். ஒரே வீடியோவை எடிட்டிங் மென்பொருள் ஒரு விதமாகப் படிக்கும், அதை ஓட்டிக் காட்டும் பிளேயர் வேறு விதமாகப் படிக்கும். கறுப்பிலிருந்து வெள்ளைவரை மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு படிகள். சில கேமராக்கள் எல்லாப் படியிலும் படத்தைப் பரப்பி வைக்கும். சில கேமராக்கள் அடியில் பதினாறு படிகளையும் உச்சியில் கொஞ்சத்தையும் காலியாக விட்டுவிடும். எந்தக் கேமரா எந்த ரகம் என்று பிளேயருக்குச் சரியாகத் தெரியாவிட்டால் அது குத்துமதிப்பாக ஒரு முடிவுக்கு வரும். அந்த முடிவு தப்பாகப் போனால் அடியில் உள்ள பதினாறு படிகளும் ஒரே கறுப்பாகிவிடும். கறுப்புச் சட்டையின் மடிப்பு, மேசைக்கு அடியில் கிடக்கும் செருப்பு, எல்லாம் போச்சு. இதை விளக்க ஆரம்பித்தால் வாடிக்கையாளர்கள் கொட்டாவி விடுவார்கள். நானும் விளக்குவதை நிறுத்திவிட்டேன்.

அண்ணன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்டுடியோவுக்கு வந்தான். என் ஸ்டுடியோ இரும்புக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். எட்டு வருடமாக அங்கே இருக்கிறேன், அவன் படியேறி வந்தது அதுதான் இரண்டாவது முறை. தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்ஸை ஓட்டுகிறவன் அவன். சீருடை போடாமல் வந்திருந்தான். மூன்று வாரமாக அவனை வண்டி எடுக்க விடவில்லை.

நடந்தது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். பொழுது சாயும் நேரம், மாலை ஷிப்டுக்கு ஆட்களை ஏற்ற அவன் காலி பஸ்ஸோடு போகும்போது, முதல் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் ஆள் அதில் அடிபட்டு அங்கேயே இறந்துபோனார். அதே தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவர். போலீஸ் விபத்து என்று எழுதி முடித்துவிட்டது. மீதி கம்பெனியின் விசாரணைக் கமிட்டி கையில். ஓட்டுநர் மேல் தப்பு என்று அவர்கள் எழுதினால் வேலை போகும், பின்னாலேயே லைசென்சும் போகும். ஐம்பத்தொரு வயதில் ஸ்டீயரிங்கைத் தவிர வேறு எதையும் பிடித்தறியாதவனுக்கு அது என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பஸ்ஸின் முன் கண்ணாடியில் ஒரு கேமரா உண்டு. அந்த வீடியோ கமிட்டியில் ஒருவர் கம்ப்யூட்டரில் இருட்டாக வந்ததாம், இன்னொருவருடையதில் விக்கி விக்கி ஓடியதாம், தலைவருடையதில் திறக்கவே இல்லையாம். எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி ஓடும்படி ஒரு காப்பி கொடுங்கள் என்று தொழிற்சங்க வக்கீலிடம் கேட்டிருக்கிறார்கள். வக்கீல் பென்டிரைவை அண்ணனிடம் கொடுத்து, உன் தங்கை இந்தத் தொழில்தானே, ஆனால் தங்கை செய்தது என்று யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதே என்று அனுப்பியிருக்கிறார்.

"நான் யாரையும் பார்க்கல பாப்பா. திடீர்னு முன்னாடி வந்து நின்னார். அவ்வளவுதான்," என்றான்.

எனக்கு முப்பத்தெட்டு வயதாகியும் அவனுக்கு நான் பாப்பாதான். அப்பா வீட்டை விட்டுப் போனபோது அவன் லாரியில் கிளீனராக ஏறினான். நான் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்றபோது அவன் ஆசை ஆசையாக வாங்கிய மோட்டார் சைக்கிளை விற்றான். அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அவனை அனுப்பிவிட்டு முதலில் சாதாரண பிளேயரில் போட்டேன். சாலை, இருபுறமும் கறுப்பு, விளக்கு வெளிச்சம் விழும் இடம் மட்டும் சாம்பல். கீழே ஓரத்தில் வெள்ளை எழுத்தில் தேதி, மணி, வண்டியின் வேகம். பதினான்காவது விநாடியில் கறுப்புக்குள்ளிருந்து ஓர் உருவம் குதித்தது போல வெளிச்சத்துக்குள் வந்தது, படம் குலுங்கியது. அண்ணன் சொன்னது சொன்னபடி இருந்தது. வாய்விட்டு அழுதேன், நிம்மதியில்.

பிறகு வேலையைத் தொடங்க அதே கோப்பை எடிட்டிங் மென்பொருளில் திறந்தேன். அது எல்லாப் படிகளையும் படித்தது. சாலையோரத்துக் கறுப்பு விலகி ஒரு மரம் வந்தது, மரத்தடியில் ஒரு கல், கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர். கருநீல வேலைச் சட்டை, தோளில் சாப்பாட்டுப் பை. எட்டாவது விநாடியிலேயே அவர் அங்கே நின்றிருந்தார். ஒன்பதாவது விநாடியில் கையைத் தூக்கினார். பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். வண்டி நிற்கவில்லை என்றதும் இன்னும் ஓரடி முன்னால் வந்து காட்டினார், பிறகு இன்னும் ஓரடி.

பிளேயரில் போட்டேன், ஆள் இல்லை. மென்பொருளில் போட்டேன், ஆள் இருந்தார். இப்படி எத்தனை முறை என்று தெரியாது. அந்த நேரத்தில் அண்ணனின் கண் எதைப் பார்த்தது? கண் ஒன்றும் கேமரா இல்லையே. ஒரு பிளேயரே பார்க்காததை அவன் எப்படிப் பார்த்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினேழு வருடமாக எந்தப் பிளேயரைக் கரித்துக் கொட்டினேனோ, அன்று அதற்கே சாட்சி சொல்லும் பதவியைக் கொடுத்தேன்.

காப்பி எடுக்கும்போது ஒரு சின்னக் கட்டம் வரும், முழுப் படிகளா குறைந்த படிகளா என்று. பிளேயர் நினைத்ததையே, குறைந்த படிகள் என்று, நானும் டிக் செய்தேன். அப்படிச் செய்தால் கறுப்பு கறுப்பாகவே பதிந்துவிடும், பிறகு எந்தக் கொம்பன் வந்தாலும் அதற்குள்ளிருந்து எதையும் எடுக்க முடியாது. நான் எதையும் வெட்டவில்லை, எதையும் சேர்க்கவில்லை. ஸ்டுடியோ டிவி, பழைய லேப்டாப், என் போன், கீழே இரும்புக் கடைக்காரர் போன், நான்கிலும் போட்டுப் பார்த்தேன். எல்லாத் திரையிலும் ஒரே மாதிரித் தெரிந்தது. என் தொழிலில் அப்படி அமைந்த ஒரே வீடியோ அதுதான்.

கமிட்டி இருபது நிமிடத்தில் முடித்துவிட்டது. வண்டியின் வேகம் அனுமதித்த அளவுக்குள் இருந்தது, இறந்தவர் தானாகவே திடீரென்று வண்டியின் முன் பாய்ந்திருக்கிறார், ஓட்டுநர்மீது குற்றமில்லை என்று எழுதினார்கள். அண்ணி போனில் என் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். அண்ணன் மறுநாளே சீருடை போட்டான். பஸ்ஸிலிருந்த கேமரா பதினைந்து நாளுக்கு ஒருமுறை பழையதை அழித்துவிட்டுத் தன்மேலேயே எழுதிக்கொள்ளும். கமிட்டிக்காரர்கள் சரியாக ஓடாத பழைய கோப்பை அழித்துவிட்டார்கள், வக்கீலின் பென்டிரைவிலும் அசலை அழித்துவிட்டுத்தான் என் காப்பியைப் போட்டிருந்தேன். அசல் என்று இனி உலகத்தில் இருந்தது என் ஹார்டு டிஸ்க்கில் மட்டும்தான். அதை அழிக்க இரண்டு முறை உட்கார்ந்தேன். ஏனோ விரல் போகவில்லை.

ஒரு தப்பு செய்திருந்தேன். என் ஸ்டுடியோவை விட்டு எது போனாலும் அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவேன். ஸ்டுடியோ பெயர், போன் நம்பர், நிறம் சரிபார்க்கப்பட்டது என்ற ஒரு வரி. கமிட்டிக்குப் போன பென்டிரைவிலும் பழக்க தோஷத்தில் கை தானாக ஒட்டிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து அந்த ஸ்டிக்கரைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தையல் கம்பெனியில் பொத்தான் வைக்கும் பிரிவில் வேலை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே நான் ஸ்டிக்கர் ஒட்டிய பென்டிரைவ், கமிட்டியிடம் கெஞ்சி வாங்கியதாம். இறந்துபோனவர் தன் கணவர் என்றார்.

பாய்ந்தார் என்று கமிட்டி எழுதியதால், வேண்டுமென்றே விழுந்தார் என்று சொல்லிக் கம்பெனி நஷ்டஈட்டைத் தட்டிக் கழித்துவிட்டதாம். அது போனால் போகட்டும் என்றார். சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து, புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன சண்டை என்று விசாரிக்கிறார்களாம். மகள் பேச்சை நிறுத்திவிட்டாளாம். அன்றைக்குக் காலையில் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது உண்மைதானாம், குழாய் ஒழுகுவதைப் பற்றி.

"ஒழுகற குழாய்க்காக யாராவது சாவாங்களாம்மா?" என்று கேட்டார்.

நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அவர் தொடவில்லை. வீடியோவைக் கொஞ்சம் வெளிச்சமாக்கித் தர முடியுமா, அவர் நின்றுகொண்டிருந்தாரா ஓடி வந்தாரா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றார். நானும் அவர் கண் முன்னாலேயே அந்தக் காப்பியைத் திறந்து வெளிச்சத்தை ஏற்றினேன். சாலை வெளுத்தது, வானம் வெளுத்தது, ஓரத்துக் கறுப்பு அழுக்குச் சாம்பலாக மாறியது. அதற்குள் எதுவும் இல்லை. இருக்காது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்.

"எங்க கம்பெனியில கறுப்பு நூல்லயே நாலு கறுப்பு இருக்கும்மா. மாத்தி வெச்சுத் தைச்சா சூப்பர்வைசர் கத்துவார். இதுக்குள்ளயும் அப்படி ஏதாவது இருக்கும்ல?"

"இதுல இல்லைங்க," என்றேன். வாய் கூசாமல் சொன்னேன், ஏனென்றால் அது உண்மை. அவர் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். பென்டிரைவை மறுபடி துணியில் முடிந்துகொண்டு போனார்.

அந்த வாரம் ஞாயிறு மதியம் அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணி பரிமாறிக்கொண்டே, அந்த ஆளின் மனைவியை மார்க்கெட்டில் பார்த்தேன், துரும்பாக இளைத்துவிட்டாள், பார்க்கவே பாவமாக இருந்தது என்றாள். அண்ணன் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பாவம்தான். ஸ்டாப்புக்கு வந்து நின்னிருக்கலாம். மரத்தடியில நின்னு கை காட்டினா யார் நிறுத்துவா? ஒருத்தருக்கு நிறுத்தினா நாளைக்கு நாலு பேர் நிப்பாங்க," என்றான்.

அண்ணி குழம்புக் கரண்டியோடு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. மரத்தைப் பற்றியும் கையைப் பற்றியும் நான் ஒரு ஈ காக்கையிடம்கூடச் சொன்னதில்லை. அந்த மரம் பதினாறு படிக்குள் இருந்தது. அதைப் பார்த்த கண்கள் உலகத்தில் இரண்டே ஜோடி, ஒன்று என்னுடையது.

கேட்டிருக்க வேண்டும். அங்கேயே, தட்டில் கையை வைத்துக்கொண்டே கேட்டிருக்க வேண்டும். அவன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்து, என்ன பாப்பா சாப்பிடவே இல்லை என்றான். மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு நடந்து வந்த அன்றைக்கும் இதே முகம்தான். மென்று விழுங்கிவிட்டு வந்தேன்.

மறுநாள் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து வரச் சொன்னேன். பழைய காப்பி ஒன்று கிடைத்தது, அசல் அப்படியே இருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். இதைச் செய்தபோது என் மனதில் என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அசலைக் கொடுத்தாகிவிட்டது என்று மனசாட்சிக்குக் கணக்குக் காட்டலாம். அவருடைய போனில் திறந்தால் கறுப்பாகத்தான் வரும், அதனால் அண்ணனுக்கும் ஒன்றும் ஆகாது. இரண்டு பக்கமும் நல்ல பிள்ளையாக இருக்க எனக்கு ஒரு பிளேயர் கிடைத்தது.

அவர் வந்தார். போனில் ஏற்றிக் கொடுத்தேன், ஒரு புதிய பென்டிரைவிலும் போட்டுக் கொடுத்தேன். இந்த முறை ஸ்டிக்கர் ஒட்டவில்லை. அவர் அங்கேயே நின்று போனை முகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தார். சாலை, இருபுறமும் கறுப்பு, குதித்து வரும் உருவம். மூன்று முறை பார்த்தார். என் பெரிய மானிட்டர் அவருக்கு முதுகுப் பக்கம் இரண்டடியில் இருந்தது. அதை அவர் பக்கம் திருப்ப ஒரு விரல் போதும்.

"இதுலயும் கறுப்புதாம்மா," என்றார். பிறகு என் கையைப் பிடித்து, "விடுங்க, நீங்க என்ன பண்ணுவீங்க. இவ்வளவு மெனக்கெட்டீங்களே," என்றார்.

அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன்.

ஒன்பது நாள் கழித்து, காலை பத்தரை மணிக்குப் போன் வந்தது. நான் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவின் மேடை வெளிச்சத்தோடு போராடிக்கொண்டிருந்தேன். முதலில் அவர் பேசுவது எனக்குப் புரியவில்லை, அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நேற்றுத் தம்பி வீட்டுக்குப் போனாராம். தம்பி அந்தப் பென்டிரைவை டிவியில் செருகியிருக்கிறார். அந்த டிவியில் எப்போதுமே எல்லாப் படமும் வெளுத்துத்தான் தெரியுமாம், அதற்காகத் தம்பி பெண்டாட்டி தினம் சண்டை போடுவாளாம்.

"தெரியுதும்மா. மரத்தடியில நிக்கறார். பஸ்ஸுக்குக் கை காட்டறார். சாகப் போறவர் வேலைக்குப் போற பஸ்ஸுக்குக் கை காட்டுவாரா? என் பொண்ணு ராத்திரி பூரா என் மடியில படுத்துக்கிட்டா."

நான் ம் என்றேன்.

அப்புறம் சொன்னார். எல்லாம் நீங்கள் கொடுத்ததால்தான், உங்கள் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்றார். காலையிலேயே தொழிற்சாலைக்குப் போய்க் கேட்டதில் புதன்கிழமை கமிட்டி மறுபடி கூடுகிறதாம், தம்பி டிவியையே தூக்கிக்கொண்டு வருகிறாராம். ஆனால் முதல் காப்பியில் ஏன் கறுப்பாக இருந்தது, இதில் ஏன் தெரிகிறது என்று கேட்டால் தங்களுக்குச் சொல்லத் தெரியாதாம்.

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்மா. உங்களை விட்டா இதெல்லாம் வேற யாருக்குத் தெரியும்?"

பதினேழு வருடத்தில் இதை விளக்கச் சொல்லி என்னைக் கேட்ட முதல் ஆள் அவர். வருகிறேன் என்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியாது, ஆனால் சொன்னேன்.

பிறகு அண்ணனை அழைத்தேன். அவன் டிப்போவில் இருந்தான், பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டது. சுற்றி வளைக்காமல் சொன்னேன். அசல் வீடியோ அவர்களிடம் இருக்கிறது, நான்தான் கொடுத்தேன், அதில் மரமும் ஆளும் கையும் தெரிகிறது, புதன்கிழமை நான் போகிறேன், கட்டத்தில் டிக் செய்தது நான் என்பதையும் சொல்லப் போகிறேன். திட்டுவான் என்று காத்திருந்தேன். மோட்டார் சைக்கிளைச் சொல்லிக் காட்டுவான் என்றுகூடக் காத்திருந்தேன். இன்ஜின் சத்தத்திலிருந்து அவன் தள்ளி நடந்து போவது கேட்டது.

"பாப்பா," என்றான். "கீழே ஓரத்துல வேகம் ஓடுமே, நம்பர். அதுவும் தெரியுமா?"

அந்த எண்ணை நான் ஒரு நாளும் படித்ததில்லை. ஆளைத் தேடுவதிலேயே கண் போயிற்று. போனைக் காதில் வைத்துக்கொண்டே அசலைத் திறந்தேன். எட்டாவது விநாடி, அவர் நிற்கிறார், முப்பத்தெட்டு. ஒன்பதாவது விநாடி, கையைத் தூக்குகிறார், முப்பத்தெட்டு. ஓரடி முன்னால் வருகிறார், நாற்பத்தொன்று. இன்னும் ஓரடி, நாற்பத்தாறு. குறைய வேண்டிய இடத்தில் ஏறியிருந்தது. அவர் ஏற வருவதற்குள் அவரைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்று அண்ணன் மிதித்திருக்கிறான். நான் கொடுத்த கறுப்புக் காப்பியிலும் அது இருந்தது. கமிட்டி அதைப் பார்த்துத்தான் அளவுக்குள் என்று எழுதியது.

"பாப்பா, கேக்குதா? அந்த நம்பர் தெரியுமா?"

"அது எல்லாத்துலயும் தெரியும்ணா," என்றேன். "முதல்ல இருந்தே தெரிஞ்சுட்டுதான் இருக்கு."